வாசற்படியில் நிற்போர்க்கு: அதிட்டானப் பாரமி பற்றிய ஒரு பாடம்



சென்ற பௌர்ணமியன்று திருப்பதியில் கூடிய தம்ம வகுப்பில், திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், பின்வரிசையிலிருந்து இளைஞர் ஒருவர் எழுந்தார். யாத்திரிகரை ஏற்றிச் செல்லும் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர். தீட்சை பெற்று இன்னும் ஓராண்டு நிறையவில்லை. அவர் கேட்டது இது: "ஐயா, என் பெண் குழந்தைக்கு மலையில் முடி இறக்குவதாக என் தாயார் நேர்ந்துகொண்டிருக்கிறார். மறுத்தால் தாய் மனம் புண்படும். இசைந்தால் நான் எடுத்த உறுதி பொய்யாகும். மனத்தளவில் பௌத்தனாகவும் வெளியில் பழையபடியும் இருந்துவிடலாகாதா?"

வகுப்பில் இருவர் மூவர் நகைத்தனர். நகைத்தவர்களின் வீட்டிலும் இதே வினா வேறு உருவில் கிடக்கிறது என்பதை யான் அறிவேன். ஆதலால் யான் நகைக்கவில்லை. உடனே விடை சொல்லவுமில்லை. அடுத்த வகுப்பில் சொல்வதாகக் கூறி அமர்த்தினேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தூரில் ஓர் அம்மையார், பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை செய்பவர், வகுப்பு கலைந்தபின் தனியே வந்து கேட்டார்: "மகன் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதுகிறான். மதம் என்ற இடத்தில் பௌத்தம் என்று எழுதினால் சலுகை போய்விடும் என்கிறார்களே, உண்மையா ஐயா? அங்கே மட்டும் பழையதை எழுதிவிட்டு வீட்டில் நாம் நாமாக இருந்தால் என்ன?"

முதல் வினா பாசத்தால் வந்தது. இரண்டாவது அச்சத்தால் வந்தது. எனினும் இரண்டும் ஒன்றே. வீட்டுக்குள் நுழைந்தவன் ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்துக்கொண்டு நிற்கலாமா என்பதே வினா. மழை பெய்தால் அவன் பாதி நனைவான். உள்ளே சோறு பரிமாறினால் அவனுக்கு இலை போடுவதா வேண்டாமா என்று வீட்டாருக்கும் தெரியாது. இவ்வினாவுக்கு விடையாக அமைவதே இம்மாதப் பாடம்.

பத்துப் பாரமிகளுள் எட்டாவதாக எண்ணப்படுவது அதிட்டானம். மனவுறுதி என்று இதனை மொழிபெயர்க்கின்றனர். தவறன்று, ஆயினும் அச்சொல்லின் முழுப்பொருள் அதில் அடங்கவில்லை. நம்மூர்க் கற்றச்சர்களைக் கேளுங்கள். கோயில் விமானத்துக்குக் கீழே, தரைக்கு மேலே, சுவரையும் சிகரத்தையும் தாங்கி நிற்கும் கல் அடுக்குக்கு அவர்கள் வழங்கும் பெயரும் அதிட்டானம் என்பதே. மேலே இருப்பது எத்தனை நிலை ஆனாலும் இதன்மேல்தான் நிற்க வேண்டும். பாலியில் இச்சொல்லுக்கு வேர்ப்பொருள் ஊன்றி நிற்றல் என்பது. ஆகவே அதிட்டானம் என்பது ஒருநாள் வீரம் பேசுதல் அன்று, ஒன்றின்மேல் நின்றுவிடுதல்.

பாரமிகளின் வரிசையையும் உற்று நோக்குக. அதிட்டானத்துக்கு முன் நிற்பது வாய்மை; பின் நிற்பது மைத்திரி. முன்னே வாய்மை இல்லாதவனுடைய உறுதி வெறும் நடிப்பு. பின்னே மைத்திரி வாராதவனுடைய உறுதி பிடிவாதம். அவன் வீட்டாரை வதைப்பான். நம்முள் இரு சாராரும் உளர். யான் இரண்டு சாராரிலும் இருந்து பார்த்தவன்.

அதிட்டானத்துக்கு எடுத்துக்காட்டாகச் சாதகக் கதைகளுள் தேமியன் கதையைச் சொல்வது மரபு. காசி அரசனுக்குப் பிறந்த பிள்ளை, தந்தையின் மடியில் கிடந்தபோது, நான்கு கள்வர்க்கு அரசன் கொடுந்தண்டனை விதிப்பதைக் கேட்டது. அரசாட்சி வந்தால் தானும் இதையே செய்ய நேருமென அஞ்சி, ஊமைபோலவும் செவிடுபோலவும் முடம்போலவும் கிடப்பதென்று உறுதி கொண்டது. பதினாறு ஆண்டுகள்! பால் கொடாமல் சோதித்தனர், நெருப்பைக் காட்டினர், பாம்பை விட்டனர், யானையை ஏவினர், வாளை ஓங்கினர். பிள்ளை அசையவில்லை. முடிவில் உயிரோடு புதைக்கக் கொண்டுபோனார்கள். தேர்ப்பாகன் சுநந்தன் குழி வெட்டிக்கொண்டிருக்கையில் தேமியன் எழுந்து கைகால்களை நீட்டிப் பார்த்தான். பின் வாய் திறந்து பேசினான்.

இக்கதையை நம் பிரசாரகர் பலர் யானையையும் வாளையும் விரித்துச் சொல்லிக் கைதட்டல் பெறுவர். யானை வந்தது ஒருநாள். மற்ற நாட்களில் ஒன்றும் வரவில்லை. அன்றும் அவன் அசையாதிருந்தான் என்பதே எனக்கு வியப்பு. பதினாறு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,840 நாள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பார்ப்பார் எவரும் இருந்திரார்.

இனி, உறுதிகொள்ளுமுன் ஆராய்தல் பற்றி. நாலந்தை நகரில் உபாலி என்னும் செல்வர் நிகண்டநாதபுத்தரின் அடியார். புத்தர் பெருமானை வாதில் வெல்லவேண்டுமென்று வந்தவர், வாதின் முடிவில் தாமே சரணடைய விரும்பினார். பெருமான் உடனே வாரி அணைத்துக்கொள்ளவில்லை. உம்மைப்போல் ஊரறிந்த மனிதர் நன்கு ஆராய்ந்தே செயற்படல் வேண்டும் என்றார். மேலும், உம் இல்லம் நெடுங்காலமாக நிகண்டர்க்கு அன்னமிட்ட இல்லம், அவர்கள் வந்தால் அன்னமிடுதலை நிறுத்திவிடாதீர் என்றும் சொன்னார். வந்தவரைத் தள்ளிநின்று யோசிக்கச் சொன்னதும், பழைய சமயத்தார்க்குச் செய்த உபசாரத்தைத் தொடரச் சொன்னதும் ஒரே உரையாடலில் நிகழ்ந்தவை. இதனை மச்சிம நிகாயத்து உபாலி சுத்தத்தில் காணலாம். திருப்பதித் தம்பிக்குரிய விடையின் பாதி இதற்குள் இருக்கிறது. மீதியைப் பின்னர்ச் சொல்வேன்.

ஆராய்வதற்கு எவ்வளவு காலம்? இதற்கு நம் காலத்துச் சான்று பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் நாசிக் மாவட்டத்து இயோலாவில், இந்துவாகப் பிறந்தது தம் வசத்தில் இல்லை, இந்துவாக இறக்கமாட்டேன் என்னும் பொருள்படப் பறைசாற்றினார். நாகபுரியில் அவர் தீட்சை பெற்றது 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள். நடுவே இருபத்தோராண்டும் ஒரு நாளும் கழிந்தன.

இந்த இருபத்தோராண்டைப் பற்றி இருவேறு குறைகள் கேட்டிருக்கிறேன். ஏன் இத்தனை காலம் தாழ்த்தினார் என்பர் சிலர். தாம் தாழ்த்துவதற்கு அதனையே சாக்காகக் கொள்வர் வேறு சிலர்: "பாபாசாகேப்பே இருபத்தோராண்டு யோசித்தாரே, நான் இருபது ஆண்டுதானே ஆயிற்று" என்பார்கள். இரு சாராரும் அவ்வாண்டுகளில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை.

இயோலாவுக்கு முன்னரே 1930 முதல் நாசிக் காளாராமர் கோயில் நுழைவுப் போராட்டம் ஐந்தாண்டு நடந்தது; கதவு திறக்கவில்லை. வெளியேறுவேன் என்ற சொல் அதன் பின்னரே பிறந்தது. 1936 மே மாத இறுதியில் பம்பாயில் தம் மக்களின் மாநாட்டைக் கூட்டி, மதம் மாறுவதன் காரணத்தை விரிவாக விளக்கினார். பல சமயத் தலைவர்கள் அழைத்தனர். சீக்கிய சமயத்தை அறிந்துவர ஆட்களை அமிர்தசரசுக்கே அனுப்பிப் பார்த்தார். 1946இல் பம்பாயில் தாம் நிறுவிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரை இட்டார். 1948இல், நம் சென்னையில் விஞ்ஞானம் கற்பித்த பேராசிரியர் இலட்சுமி நரசு அவர்கள் 1907இல் எழுதிய பௌத்த நூலை, தம் முன்னுரையோடு மீண்டும் பதிப்பித்தார். நம் சென்னையில் கற்பித்த ஒருவர் எழுதிய நூல் பாபாசாகேப்பின் கையில் இருந்தது என்பதை நம் இளைஞர் மறத்தலாகாது. 1950இல் கொழும்பில் உலக பௌத்த சகோதரத்துவ மாநாட்டுக்கும் 1954இல் இரங்கூனுக்கும் சென்றார். அவ்வாண்டு டிசம்பரில் புனேக்கருகிலுள்ள தேகு ரோட்டில் புத்தர் திருவுருவை நிறுவினார். 1955இல் பாரதீய பௌத்த மகாசபையை அமைத்தார். அடியார்க்கென ஒரு நூலை எழுதத் தொடங்கி, நோயோடு போராடி முடித்தார். அது அவர் மறைந்தபின் 1957இல் வெளிவந்தது.

இவை யாவும் வாசலில் நிற்பவன் செயலா? அவர் சொன்ன நாளிலேயே பழைய வீட்டைவிட்டு இறங்கிவிட்டார். புது வீட்டுக்கு அடித்தளம் போட்டார், தமக்கு மட்டுமன்றி இலட்சக்கணக்கானோர்க்கும். அத்தளம் முடிந்த பின்னரே குடிபுகுந்தார். குசிநகரத்து மூத்த பிக்கு சந்திரமணி அவர்களிடம் தாமும் துணைவியாரும் சரணமும் சீலமும் பெற்று, பின்னர் 22 உறுதிமொழிகளைத் திரண்டிருந்தோர்க்கெல்லாம் தாமே சொல்லிக்கொடுத்தார். அதன்பின் அவர் வாழ்ந்தது 53 நாட்களே. டிசம்பர் 6இல் மறைந்தார். காலம் தாழ்த்தினார் என்போர் இதையும் எண்ணுக: அவர் போனபின் வீடு இடியவில்லை. 1951ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இந்நாட்டுப் பௌத்தர் ஏறத்தாழ 1,80,000 பேர். 1961இல் 32 இலட்சத்துக்கு மேல்.

அந்த 32 இலட்சம் பேர் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார். சீக்கியர்க்கு 1956இல் அவ்விதி தளர்ந்தது. பௌத்தர்க்குத் தளர்ந்தது 1990இல். நடுவே 34 ஆண்டு! மராட்டிய அரசு தன் அளவில் சில சலுகைகளை அளித்தது. மத்திய அரசின் வேலையிலும் கல்வியிலும் பௌத்தன் என்று எழுதியவன் தன் பங்கை இழந்தான். அதையறிந்தும் எழுதினார்கள். ஒரு தலைமுறை இளைஞராயிருந்து முதியவராகும் வரை எழுதினார்கள். சித்தூர் அம்மையார் இன்று அஞ்சும் இழப்பு அவர்க்கு உண்மையாகவே நேர்ந்தது.

அம்மையார்க்கு யான் சொன்ன விடை: அம்மா, 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பட்டியல் சாதியில் பிறந்து பௌத்தம் தழுவியோர் தம் உரிமையை இழப்பதில்லை. மகன் தயங்காமல் பௌத்தம் என்று எழுதட்டும். சான்று வழங்கும் மேசையில் அமர்ந்திருப்பவர் இதனை அறியாதவராக இருத்தலும் கூடும். ஆகையால் திருத்தச் சட்டத்தின் படி ஒன்றைக் கையில் வைத்திருக்கட்டும். சண்டையிட வேண்டாம், காட்டினால் போதும். அம்மையார் கேட்டார்: "சட்டம் இப்படி இல்லாதிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் ஐயா?" நல்ல கேள்வி. அப்போதும் எழுதுங்கள் என்றே சொல்லியிருப்பேன். ஆனால் இத்தனை எளிதாகச் சொல்லியிரேன், மகனோடு அமர்ந்து இருவருமாக ஓர் இரவு பேசியபின் முடிவு செய்யுங்கள் என்றிருப்பேன் என்றேன். பிறர் பிள்ளையின் படிப்பை வைத்து நாம் வீரம் பேசுதல் தகாது.

நம் பகுதிக்கு வருவோம். 1911 வரை சித்தூர் வடஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகர். இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல, பஞ்சத்தாலும் சேரிக் கொடுமையாலும், பலமநேர் வழியே மேற்கே ஏறிக் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கின. நம் வகுப்பிற்கு வரும் மூத்தோரில் பாட்டனார் சுரங்கத்தில் உழைத்தார் என்று சொல்லாதவர் குறைவு. அந்தச் சுரங்க வரிசைகளில் பௌத்தம் வேரூன்றியது நாகபுரிக்கு அரை நூற்றாண்டு முன்னரே.

காரணர் பண்டிதர் அயோத்திதாசர். 1898இல் கர்னல் ஆல்காட் துணையோடு இலங்கைக்குச் சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1845இல் பிறந்தவர்க்கு அப்போது வயது 53. யான் இதை எழுதும் வயதும் ஏறத்தாழ அதுவே. அதனால் இந்த எண்ணை யான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. ஐம்பதுக்குமேல் மனிதர் வீட்டுக்குக் கூரை வேய்வர், பெண்ணுக்கு வரன் தேடுவர். புதுச் சமயம் தேடிக் கடல் கடப்பவர் அரியர். சித்த வைத்தியம் செய்து பிழைத்த அவர், 1907 சூன் 19 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழை நடத்தினார். மறு ஆண்டில் அது 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5இல் மறையும்வரை அதனை விட்டாரில்லை. மாரிக்குப்பத்துத் தொழிலாளர் அதனை வாங்கினர். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டனர். பெங்களூர், இரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை அவர் தொடர்பு விரிந்தது. அவர்க்குப்பின் நின்றுபோன 'தமிழ'னைத் தங்கவயலில் மீண்டும் நடத்தியவர் பண்டிதர் அப்பாதுரையார். அயோத்திதாசர் எழுத்துக்களை நூலாக்கிக் காத்தது தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத்துக் கூலியில் மிச்சம்பிடித்த காசு அது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. இத்துணை முன்னே தொடங்கிய நாட்டில், 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டுப் பௌத்தர் ஏறத்தாழ 11,000 பேரே. இந்தியா முழுமைக்கும் ஏறத்தாழ 84 இலட்சம். காரணம் பல சொல்வர். யான் வீடு வீடாகச் சென்று கண்டது ஒன்று: நாம் கூட்டத்தில் பௌத்தராயிருந்தோம், கணக்கெடுப்பவர் வந்தபோதும், வீட்டில் சாவு விழுந்தபோதும், பெண்ணுக்குத் திருமணம் வந்தபோதும் பழையதற்குத் திரும்பினோம்.

நாம் என்று யான் சொல்வது அடக்கத்துக்காக அன்று. யான் பதினெட்டாம் வயதில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் பாபின் மாற்றும் பையனாகச் சேர்ந்தவன்; பின் அதே பகுதியில் சைடு பார்த்தவன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மற்றதெல்லாம் இரவு ஷிப்டு முடிந்து படித்தது. 2002இல் தீட்சை பெற்றேன். மறுநாள் முதல் ஆலையில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் வாதிட்டேன். சாப்பாட்டு வேளையில் என் பக்கத்தில் அமரவே அஞ்சினர். மைத்திரி இல்லாத உறுதி அது. 2004இல் என் தந்தையார் காலமானார். தமையனார் பழைய சடங்கு செய்தாகவேண்டுமென்றார், உறவினர் சூழ்ந்துகொண்டனர். யான் மீசை மழித்துக் கருமாதி செய்தேன். எல்லாம் முடிந்து இலை எடுக்கும்போது, என்னை வற்புறுத்தியவர்களுள் ஒருவரே சொன்னார்: "உன் பௌத்தம் வீட்டில் பிணம் விழாதவரைக்கும்தானே!" நான் இசைந்தால் மதிப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். இசைந்ததற்காகவே மதிப்பிழந்தேன். வாய்மை இல்லாத மைத்திரிக்கும் இதுதான் கதி.

மூன்று மாதம் வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை. பின் ஒருநாள் மூத்த உபாசகர் ஒருவர் ஆலை வாயிலில் காத்திருந்து கேட்டார்: "உன் பகுதியில் இழை அறுந்தால் என்ன செய்வாய் தம்பி?" ஒட்டுவேன் என்றேன். "மெஷினை நிறுத்துவாயா?" நிறுத்துவதில்லை, ஓடுகிற கதிரிலேயே ஒட்டவேண்டும் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமி எந்த நாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நூற்பாலையை அறியாதவர்க்கு ஒரு சொல். ஒரு சைடில் நூற்றுக்கணக்கான கதிர்கள். எட்டு மணி நேர ஷிப்டில் இழை அறாத சைடு என்று எதுவுமில்லை. கைதேர்ந்தவர் அறுந்ததை உடனே காண்பவர். காணாமல் விட்டால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் அறுக்கும். நம் பஞ்சசீலமும் இவ்வாறே. அவை சிக்காபதங்கள், பயிற்சி விதிகள். ஒருகாலும் வழுவேன் என்னும் ஆணையை நாம் எடுப்பதில்லை; இப்பயிற்சியை மேற்கொள்கிறேன் என்கிறோம். ஆதலால்தான் ஒவ்வொரு பௌர்ணமியிலும் மீண்டும் ஓதுகிறோம். முறிந்த ஒருநாளை வைத்து, நமக்கு இது ஆகாது என்று விட்டுவிடுவோரே மிகுதி. அவர்களை உறுதியற்றோர் என்று யான் சொல்லேன், ஒட்டத் தெரியாதோர்.

இங்கே வேறொரு ஐயம் எழும். எடுத்ததை ஒருகாலும் விடவே கூடாதா? பிறர் நம் தலையில் வைத்ததையும் சுமக்கவேண்டுமா? இதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனபள்ளியில் 1895இல் பிறந்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909இல் அடையாற்றில் பிரம்மஞான சங்கத்தார் அச்சிறுவரைக் கண்டு, உலகாசான் இவரில் வெளிப்படுவார் என்று வளர்த்தனர்; 1911இல் அவருக்கென ஓர் அமைப்பே தோன்றியது. 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஓம்மனில், ஏறத்தாழ 3,000 பேர் முன்னிலையில், அவ்வமைப்பை அவரே கலைத்தார். அவர் கொள்கை நம் கொள்கையன்று. அவர் எந்தச் சமயத்தையும் ஏற்றாரில்லை. ஆயினும் அதன்பின் 56 ஆண்டுக்கு மேல், 1986இல் மறையும்வரை, அன்று சொன்னதிலேயே நின்றார். பிறர் கட்டிய மேடையைவிட்டு இறங்கியவர் தாம் நின்ற தரையைவிட்டு நகரவில்லை. பிக்குவே ஆயினும் சீவரத்தைக் களைந்து இல்லறம் மீள வினயத்தில் இடமுண்டு. வெளிப்படையாகச் சொல்லிவிட்டு மீளவேண்டும், அவ்வளவே. சீவரத்தை உடுத்தபடியே இல்லறம் நடத்துவதற்கு இடமில்லை.

ஆக, திருப்பதித் தம்பிக்கு அடுத்த வகுப்பில் சொன்னது இது. முதலாவது, இங்கு வாழ்ந்துகொண்டு மலையை இகழ்ந்து பேசாதீர். அது பண்டு பௌத்தத் தலம் என்று நூல் எழுதியோரும் உளர்; அந்த ஆராய்ச்சி உம் தாயாருக்கு விடையாகாது. நீர் ஏற்றிச் செல்லும் யாத்திரிகர் தருவது உமக்குச் சோறு. உபாலியின் வீட்டில் நிகண்டர்க்கு அன்னம் நின்றதில்லை. இரண்டாவது, நேர்ந்தவர் தாயார், முடி குழந்தையுடையது, சொல் உம்முடையது. ஒருவர் நேர்ந்ததை மற்றொருவர் தலையால் தீர்க்க வேண்டுமென்பதில்லை. மூன்றாவது, இதனை ஊராரிடம் சொல்வதற்குமுன் தாயாரிடம் சொல்லும். ஒருமுறை சொல்லும். வாதிடாதீர். அழுதால் உடனிரும், எழுந்து போய்விடாதீர். அவர் போகவேண்டுமென்றால் உம் வண்டியிலேயே அழைத்துச் செல்லும்.

"மனத்தளவில் மட்டும் இருந்துவிடலாகாதா என்று கேட்டேனே ஐயா" என்றார். என் தந்தையாரின் கருமாதியைச் சொன்னேன். இத்தனை பேர் முன்னிலையில் அதுவரை யான் அதனைச் சொன்னதில்லை.

இம்மாத வகுப்புக்கு அவர் சற்றுத் தாமதித்து வந்தார். தாயார் இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், நேர்ந்தது நான், கொடுப்பதும் நானே என்று சொல்லிவிட்டாராம். தம்பி அலிபிரி வரை தம் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டு, அவர் திரும்பும்வரை அடிவாரத்திலேயே காத்திருந்தார். தாயார் தம் தலைமுடியைக் காணிக்கையாகக் கொடுத்து, மழித்த தலையில் சந்தனம் பூசி இறங்கிவந்தார். மகன் கையில் ஒரு லட்டைக் கொடுத்தார். தம்பி அதை அங்கேயே நின்று தின்றார்.

தின்றது குற்றமா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். கடலைமாவும் நெய்யும் சர்க்கரையும் முந்திரியும் எந்தச் சீலத்துக்கும் பகையல்ல என்றேன். தாயார் கையால் கொடுத்ததை மறுத்திருந்தால் அதைப் பற்றி வேண்டுமானால் ஒரு பாடம் எழுதியிருப்பேன். அந்தத் தாயார் அன்று வாசற்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று யாரும் வற்புறுத்தவில்லை. பாய் மட்டும் ஒன்று கொண்டுபோய் விரித்தோம்.